அந்தக் கோர்ட்டிசோல் எங்கிருந்து வந்தது

சென்ற மாதம் சுகந்தி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பியிருந்தார். நான் ஓய்வுபெறும்வரை எங்கள் ஆய்வுகூடத்தில் எனக்குக் கீழே வேலை செய்தவர். இப்போது ஹோர்மோன் பரிசோதனைப் பிரிவு அவருடைய பொறுப்பில் இருக்கிறது. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்காகப் புதிதாக அச்சடிக்கப்போகும் அறிவுறுத்தல் தாள் அது. தமிழ் சரியாக இருக்கிறதா என்று ஒருக்கால் பார்க்கச் சொல்லியிருந்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. "இரவு பதினொரு மணிக்கு இரண்டு குளிசைகளையும் போடவும்" என்று ஒரு வரி இருந்தது. அதில் ‘போடவும்’ என்பதை வெட்டி, ‘தண்ணீருடன் விழுங்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

ஏன் என்று கேட்டார். சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இதை அப்படியே எழுதித் தாருங்கள், புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்றார். இரண்டு பக்கம் போதுமாம். பகிடியாக இருந்தால் நல்லதாம்.

பகிடியாகத்தான் தொடங்கினேன். நெல்லியடியில் இந்த வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். எழுதுவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதையை எழுதி முடித்தபின், அதற்குப் பிறகு நடந்ததை எழுதாமல் விடுவது அரைவாசி முடிவை மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போலிருந்தது. சுகந்தி, இது இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை. பகிடியும் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. பிடிக்காததை நீர் வெட்டிவிடலாம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கொழும்பில் பயிற்சி முடித்து வந்தபோது இங்கே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடிய குளிர்சாதனப் பெட்டி, யன்னலோரம் வெயிலுக்கு நகர்த்தி வைத்துப் பார்த்த நுணுக்குக்காட்டி, கப்பல் வந்தால் மட்டும் கிடைத்த இரசாயனங்கள். என் வயதுக்காரர் எல்லோரும் இவற்றை எழுதிவிட்டார்கள்.

ஹோர்மோன் பரிசோதனைகள் எங்களிடம் வந்தது வெகு காலத்துக்குப் பிறகு. அந்தப் பிரிவைத் தொடங்கியவர் பிலோமினா மிஸ். குருநகரைச் சேர்ந்தவர். தகப்பனும் சகோதரர்களும் கடற்தொழில். காற்றுக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குடும்பத்துக் குரல். அவர் மெதுவாகக் கதைத்தாலே வெளியில் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இரத்தம் எடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மரக் கதிரை போட்டிருந்தார். நோயாளி அதில் இருந்துதான் எழும்பிப் போக வேண்டும். எங்கே இருந்து வருகிறீர்கள், விடிய என்ன சாப்பிட்டீர்கள், மூட்டு நோவுக்கு என்ன பூசுகிறீர்கள், மருமகள் எப்படி என்று ஊர்க்கதை வீட்டுக்கதை எல்லாம் விடுப்புக் கேட்பார். வேலை தேங்குகிறது என்று நான் முணுமுணுத்தால் ஒரே பதில்தான்.

"விடுப்புக் கேக்கத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருது. மற்ற வேலையை மெசின் செய்யும்."

கோர்ட்டிசோல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. கோர்ட்டிசோலைச் சுரப்பது அவைதான். எவ்வளவு சுரக்க வேண்டும் என்று கட்டளை அனுப்புவது மூளையின் அடியில் இருக்கும் இன்னொரு சிறு சுரப்பி. கோர்ட்டிசோல் அளவுக்கு மிஞ்சினால் முகம் வட்டமாக ஊதிச் சிவக்கும். வயிறு பெருத்துக் கைகால் மெலியும். வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள் விழும். இரத்த அழுத்தமும் சீனியும் ஏறும். கூடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேலையின் பாதி. எங்கிருந்து கூடுகிறது என்பதுதான் மற்றப் பாதி. வெளியிலிருந்து மருந்தாக உள்ளே போகலாம். கட்டளை இடுகிற சுரப்பியில் கட்டி வந்திருக்கலாம். கட்டளையைக் கேளாமல் தன்பாட்டில் சுரக்கும் கட்டி சிறுநீரகத்தின் மேலேயே இருக்கலாம். வேறெங்கோ வளரும் கட்டி கட்டளை அனுப்புவது அரிது. மருந்து என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினால் போதும். கட்டி என்றால் கத்தி.

எங்கள் முறை இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு திங்கள் காலை வரை போவது அத்தனையையும் நாங்கள் கொடுக்கும் பெரிய பிளாஸ்டிக் கானில் சேர்க்க வேண்டும். திங்கள் இரவு பதினொரு மணிக்கு இரண்டு சின்னக் குளிசை. செவ்வாய் காலை கானையும் கொண்டு வந்து இரத்தமும் கொடுக்க வேண்டும். அந்தக் குளிசை கட்டளைச் சுரப்பியை ஏமாற்றி வாயை மூட வைக்கும். சுகதேகி என்றால் காலையில் கோர்ட்டிசோல் நன்றாகக் குறைந்திருக்கும். குறையவில்லை என்றால் கோளாறு.

பண்டத்தரிப்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெங்காயத் தோட்டம். சீனி, பிரஷர், வட்ட முகம். சிறுநீர் முடிவு சற்றுக் கூட. செவ்வாய் காலை இரத்தம் எடுக்கும்போது நான் கேட்டேன், குளிசை போட்டீர்களா என்று. "ஓம் தம்பி, சரியாப் பதினொண்டுக்குப் போட்டனான்" என்றார். கோர்ட்டிசோல் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து முழுவதையும் திரும்பச் செய்தோம். அதே கேள்வி, அதே பதில், அதே முடிவு. தலைக்கு ஸ்கான் எடுக்கக் கொழும்புக்குக் கடிதம் எழுதியாயிற்று. மூளையில் கட்டியாம் என்று வீட்டில் அழுகை தொடங்கிவிட்டதாக மகன் வந்து சொன்னான்.

பிலோமினா மிஸ் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். தனக்கு இது பிடிக்கவில்லை என்றார். வேறு ஏதோ சாட்டுச் சொல்லி அந்த அம்மாவைக் கூப்பிட்டு மரக் கதிரையில் இருத்தினார். தோட்டம், மழை, மகனுக்குப் பெண் பார்த்தது எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"குளிசையை எங்கை வைச்சுப் போட்டனீங்கள்?"

"குசினிக்குப் பின்னாலை."

"ஏன் குசினிக்குப் பின்னாலை?"

"கான் அங்கைதானே இருக்குது. அதை வீட்டுக்குள்ளை வைக்கேலுமே?"

மிஸ் சிரிக்கவில்லை. "அப்ப கானுக்குள்ளைதான் போட்டனீங்கள்."

"ஓம், இரண்டையும். போட்டு வடிவாக் குலுக்கியும் விட்டனான். பழுதாப் போகாமல் இருக்கத்தானே தந்தனீங்கள்?"

மூன்றாம் முறை மகனைக் கூப்பிட்டு, தாய் விழுங்குவதைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினார் மிஸ். கோர்ட்டிசோல் அழகாகக் குறைந்தது. அந்த அம்மாவுக்குக் கோர்ட்டிசோல் நோயே இல்லை. உடம்பு பெருத்திருந்தது, அவ்வளவுதான். கொழும்புக் கடிதத்தைக் கிழித்தோம். அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது எல்லோரும் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனோம். மிஸ் மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ கேட்ட கேள்விக்கு அவ சரியான பதில்தான் சொன்னவ."

சுகந்திக்கு நான் சொன்ன கதை இவ்வளவும்தான்.

மிஸ் சொன்னதன் பொருள், பிழை என்னுடைய கேள்வியில் என்பது. நான் எடுத்துக்கொண்டது வேறு. நோயாளி சொல்லும் ‘ஓம்’ செல்லாது என்று எடுத்துக்கொண்டேன். மிஸ் ஓய்வுபெற்றுப் போனபின் பிரிவு என் கைக்கு வந்தது. அந்தக் கதிரையும் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் மிஸ் விடுப்புக் கேட்ட இடத்தில் நான் விசாரணை நடத்தினேன். ஒரே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்பேன். பையைத் திறந்து காட்டச் சொல்வேன். மூட்டு நோவுக்கு யாரோ கொடுத்த தூளை ஒருவர் ஒளித்ததைக் கண்டுபிடித்தேன். முகம் வெளுக்கப் பூசும் கிறீமை ஓர் ஆசிரியை மறைத்ததைக் கண்டுபிடித்தேன். இரண்டிலும் கோர்ட்டிசோல் போலவே வேலை செய்யும் ஸ்ரீரொயிட் மருந்து கலந்திருந்தது; இரண்டு பேரும் ஸ்கான் இல்லாமலே தப்பினார்கள். வைத்திய நிபுணர் என்னைப் புகழ்ந்தார். பின்னால் பிள்ளைகள் ‘சீ.ஐ.டி. சேர்’ என்று சொல்வது காதில் விழும். எனக்கு அது பிடித்திருந்தது.

இனி என் மகளைப் பற்றி எழுத வேண்டும்.

பெயர் தர்சிகா. அவளுக்குப் பதினொரு வயதில் தாய் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில் மிக மரியாதையாக வாழ்ந்தோம். அவளுடைய உடுப்புகளை அவளே தோய்த்து வீட்டின் பின்பக்கக் கொடியில் காயவிடுவாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. பெண்பிள்ளைக்குத் தேவையானவற்றை வாங்கிக் கொடுப்பது தெல்லிப்பழையில் இருக்கும் அவளுடைய சித்தி வதனி. மாதவிலக்கு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எங்கள் இருவருக்கும் இடையில் வழியும் இருக்கவில்லை.

உயர்தரம் படிக்கும்போது அவள் உடம்பு வைத்தாள். சிறு வயதிலிருந்தே ஈர்க்குப் போல இருந்த பிள்ளை. கோயிலில் கண்டவர்கள் எல்லோரும், இப்போதுதான் பிள்ளை பார்க்க நன்றாக இருக்கிறாள் என்றார்கள். நானும் சந்தோசப்பட்டேன். தாயில்லாத பிள்ளையைக் குறைவில்லாமல் வளர்க்கிறேன் என்று நினைத்தேன். வரிசையில் கடைசியில் நிற்கும் நோயாளியின் முகத்தைப் பார்த்தே கோர்ட்டிசோல் என்று சொல்லக்கூடியவன் நான். என் முன்னால் இருந்து சோறு சாப்பிட்ட முகம் ஒவ்வொரு மாதமும் வட்டமாகி வந்தது. நிலத்தில் இருந்து எழும்பும்போது மேசையைப் பிடித்து எழும்பினாள். சோம்பல் என்று ஏசினேன்.

ஒரு கலியாண வீட்டுக்காகச் சட்டை அளவு பார்க்கும்போது வதனி கண்டிருக்கிறாள். எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அத்தான், ஒரு விசயம். எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. பிள்ளையின்ரை வயித்திலை கோடு கோடாக் கிடக்குது. ஊதா நிறம். உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டு அழுகிறாள்."

"கோடு எத்தினை விரல் அகலம்?" என்று கேட்டேன். அதுதான் முதலில் என் வாயில் வந்தது.

பரிசோதனை முழுவதையும் என் கையாலேயே செய்தேன். அன்றைக்குத் திங்கட்கிழமை. இரவு பதினொரு மணிக்குக் குளிசை இரண்டையும் நானே கொடுத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் கீழும் பார்த்தேன். "நான் என்ன சின்னப்பிள்ளையோ அப்பா?" என்றாள். மறுநாள் முடிவு வந்தபோது ஆய்வுகூடத்தில் வேறு யாரும் இல்லாத மத்தியான நேரம். கோர்ட்டிசோல் குறையவில்லை. இயந்திரத்தைச் சரிபார்த்து மீண்டும் ஓட்டினேன். பிறகு இன்னொரு தடவை. மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண். சிறுநீரிலும் பல மடங்கு கூட.

அடுத்தது கட்டளை ஹோர்மோன், மூளையின் அடிச் சுரப்பி அனுப்புவது. இதற்கு எடுக்கும் இரத்தம் மிகப் பொல்லாதது. கண்ணாடிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் கரைந்துவிடும். பிளாஸ்டிக் குழாயை முதலே ஐஸில் குளிரவைத்து, எடுத்த உடனேயே திரும்ப ஐஸில் புதைத்து, குளிரிலேயே சுழற்றிப் பிரித்து, உறைய வைக்க வேண்டும். "ஓடவும் கூடாது, நிக்கவும் கூடாது" என்று மிஸ் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். அன்று அந்த நீளமான நடையில் என் மகளின் இரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் நடந்தேன். அந்தப் பரிசோதனை அப்போது கொழும்பில்தான். ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டியில் அடைத்து அனுப்பினோம். பத்து நாளில் முடிவு வந்தது. மிகக் குறைவு.

படித்தவர்களுக்குத் தெரியும், அது குறைவாக இருந்தால் தலையில் கோளாறு இல்லை. மூல காரணம் சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. பிரெட்னிசலோன் என்ற ஸ்ரீரொயிட் குளிசையை ஒருவர் களவாக எடுத்துவந்தாலும் கட்டளை ஹோர்மோன் குறைந்துவிடும். எங்கள் இயந்திரமோ அந்தக் குளிசையையும் ஓரளவு கோர்ட்டிசோல் என்று பிழையாக வாசிக்கும். அப்படியானால் கட்டி இல்லை. குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் என் பிள்ளை பழையபடி வந்துவிடுவாள்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மெலிந்த பெண்பிள்ளைகள் உடம்பு வைக்கக் குளிசை எடுப்பது உண்டு. எத்தனையோ பேரை நானே பிடித்திருக்கிறேன். இவளும் அப்படித்தான், ரியூசனில் யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குள் முடிவு கட்டினேன். வைத்திய நிபுணர் உடனே வயிற்று ஸ்கானுக்கு எழுதித் தந்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சோதினை இருக்கிறது, கொஞ்ச நாள் பொறுத்து எடுக்கிறோம் என்று பொய் சொன்னேன்.

அன்று சாப்பாடு முடிந்ததும் அவளை முன்னால் இருத்தினேன்.

"ஆர் தந்தது?"

"என்னத்தை அப்பா?"

"உடம்பு வைக்கிற குளிசை."

"நான் ஒண்டும் எடுக்கேல்லை."

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதையே மூன்று விதமாகக் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை என்றாள். கடைசியில் நான் கெஞ்சத் தொடங்கினேன்.

"பிள்ளை, நான் ஏசமாட்டன். ஆரிட்டையும் சொல்லமாட்டன். ஓமெண்டு மட்டும் சொல்லு."

"இல்லாததுக்கு நான் எப்பிடி ஓமெண்டு சொல்லுறது?" என்றாள். அவள் அழவில்லை. என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனபின் அலுமாரியைத் திறந்தேன். அவள் கொடியில் என்னிடமிருந்து மறைத்துக் காயவிட்ட உடுப்புகளையெல்லாம் உதறிப் பார்த்தேன். குளிசை இல்லை. பௌதிகவியல் கொப்பிக்குப் பின்னால் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. கிழமைக்குக் கிழமை நிறையைக் குறித்திருந்தாள். அதற்குக் கீழே, காலை: வெறுந் தேத்தண்ணி. மத்தியானம்: அரைக் கோப்பைச் சோறு. இரவு: இல்லை. பக்கம் பக்கமாக அப்படியே. சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க நிறை ஏறிக்கொண்டே போயிருந்தது. உடம்பு வைக்கக் குளிசை எடுக்கிற பிள்ளை இப்படி எழுதிவைப்பாளா என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கொப்பியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பாமசி பாமசியாகப் போனேன்.

நெல்லியடியில் மூன்று இடத்தில் கேட்டேன். தொலைபேசியில் அவளுடைய படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளை வந்து ஏதும் குளிசை வாங்கியதா என்று கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் மருந்துக்காகக் காத்து நின்றார். அவரை நான் கவனிக்கவில்லை.

ஊரில் அது எப்படிப் போயிருக்கும் என்று எழுதத் தேவையில்லை. வயிறு வைத்திருக்கிற பதினெட்டு வயதுப் பிள்ளை. தாய் இல்லை. தகப்பன் பாமசி பாமசியாகப் போய், மகள் குளிசை வாங்கினாளா என்று விசாரிக்கிறார். என்ன குளிசை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த கிழமை தர்சிகா ரியூசனுக்குப் போவதை நிறுத்தினாள். காரணத்தை என்னிடம் சொல்லவில்லை. வதனிதான் சொன்னாள். வகுப்பில் அவள் இருந்த வாங்கில், அவளுக்குப் பக்கத்தில், மற்றப் பிள்ளைகள் இருக்கவில்லையாம்.

அந்த நாட்களில் எனக்குப் பேச ஆள் இல்லை. ஆய்வுகூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அறிக்கை உண்மையாகிவிடும் போல இருந்தது. கடைசியில் குருநகருக்குப் போனேன். பிலோமினா மிஸ் வீட்டு முன் விறாந்தையில் கால் நீட்டி இருந்து றால் உடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டார். கட்டளை ஹோர்மோன் குறைவு, பிரெட்னிசலோன் என்றாலும் அப்படி வரும் என்று நான் விளக்கத் தொடங்கியதும் இடைமறித்தார்.

"பிரெட்னிசலோனா இருக்கவேணுமெண்டு நேர்த்தி வைச்சிருக்கிறியோ?"

"ஓம் மிஸ்" என்றேன்.

அதன் பிறகுதான் அவருடைய கை நின்றது. "பிள்ளை கள்ளியா இருந்தால் உனக்குச் சுகம். உன்ரை சுகத்துக்கு அவள் என்னத்துக்குக் கள்ளியாக வேணும்? ஸ்கான் எப்ப?"

மூன்று கிழமையாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் றால் கையோடு உள்ளே போய், வீட்டில் இருந்த பிரஷர் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். போய்ப் பிள்ளைக்குப் பார் என்றார்.

அன்று பின்னேரம் பார்த்தேன். அந்த வயதுப் பிள்ளைக்கு இருக்கவே கூடாத எண். தலையிடி இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு மாதமாக இருக்கிறது என்றாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே ஸ்கான் எடுத்தோம். இடப்பக்கச் சிறுநீரகத்தின் மேல் உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காயளவில் ஒரு கட்டி. வலப்பக்கச் சுரப்பி வேலையில்லாமல் சுருங்கிக் கிடந்தது. களவாகக் குளிசை எடுத்திருந்தால் இரண்டும் சுருங்கியிருக்கும். நிபுணர் தர்சிகாவையும் இருத்தி வைத்தே படத்தை வெளிச்சத்தில் காட்டி விளங்கப்படுத்தினார். புற்றுநோய் போலத் தெரியவில்லை, எடுத்துவிட்டால் சுகம் என்றார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்திருப்பாள் என்று நினைத்தேன். கட்டி இருக்கிறது என்று கேட்டதும் என் பிள்ளையின் முகத்தில் வந்தது நிம்மதி. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுடைய தோள் இறங்கியது.

வெளியில் வந்ததும் கேட்டாள்: "இப்ப நம்புறீங்களோ அப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சத்திரசிகிச்சை கொழும்பில் நடந்தது. நாலு மணித்தியாலம். அந்த வாசலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிங்களத்தில் தங்களுக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா எனக்கும் சாப்பிட ஒரு பணிஸ் தந்தார். கையிலேயே வைத்திருந்தேன். கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. புற்றுநோய் இல்லை என்று பிறகு அறிக்கையும் வந்தது. கொஞ்ச நாளில் நான் முன்கூட்டியே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த மரக் கதிரையில் இன்னொருவரை இருத்திக் கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கட்டியை எடுத்ததோடு வேலை முடிவதில்லை. மிஞ்சியிருக்கும் வலப்பக்கச் சுரப்பி நீண்ட காலம் உறங்கிக் கிடந்தது. அது விழித்தெழ ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை காலையிலும் மத்தியானத்திலும் ஸ்ரீரொயிட் குளிசை எடுத்தே ஆக வேண்டும். விட்டால் பிரஷர் விழும், சத்தி எடுக்கும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. எடுக்காத குளிசையை எடுத்தாய் என்று நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். இப்போது அவள் குளிசை எடுக்கத் தவறினால்தான் ஆபத்து.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று அவள் சொன்னாள், சித்தி வீட்டில் இருந்து படித்துச் சோதினை எடுக்கிறேன் என்று. நெல்லியடிக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அங்கே ரியூசன் நல்லது என்றுதான் சொன்னாள். நான் உடுப்புப் பையைத் தெல்லிப்பழையில் இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் ஒரு படம் வந்தது. அவளுடைய உள்ளங்கை, நடுவில் ஒரு வெள்ளைக் குளிசை. மத்தியானம் இன்னொன்று. அடுத்த நாளும் அப்படியே. கிழமை முழுக்க வந்தது. ஒன்றும் எழுதியிருக்க மாட்டாள், படம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது, இது தேவையில்லை பிள்ளை என்றேன்.

"இல்லை அப்பா. உங்களுக்கு ஆதாரம் வேணும்தானே."

குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குச் சீனி குறைத்துத் தேத்தண்ணி போட்டுத் தருவது போல, அப்பாவுக்கு இப்படித்தான் தேவை என்று தெரிந்து செய்கிறாள். அவளுடைய முகம் பழையபடி மெலிந்து வந்துவிட்டது. கோடுகள் வெளுத்து வருவதாக வதனி சொன்னாள். எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் அந்தப் படங்கள் வந்தன. அவற்றில் ஒன்றையாவது பார்த்து எனக்கு ஆறுதல் வந்ததில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை வரவில்லை. ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. ஒரு வேளை தவறினால் என்ன நடக்கும், இரண்டு நாள் தவறினால் என்ன நடக்கும் என்று எனக்கு மணிக்கணக்கில் தெரியும். வதனிக்குத் தொலைபேசி எடுத்தால் குளிசைப் போத்தலை எண்ணிப் பார்த்துச் சொல்வாள். மோட்டார்சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டு அவளுக்கே எடுத்தேன்.

"எடுத்திட்டன் அப்பா. படம் அனுப்ப மறந்து போனன். நேற்று வகுப்பு நீண்டு போச்சு" என்றாள். சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்கவில்லை. எத்தனை மணிக்கு, தண்ணீரோடா, சித்தி பார்த்தாவா என்று நான் கேட்கப்போவதற்காகக் காத்திருக்கிறாள் என்று விளங்கியது. மூன்று கேள்வியும் என் வாய்க்குள் இருந்தன.

"சரி பிள்ளை" என்றேன். வகுப்பில் என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டேன்.

முதலில் ஒரு சொல்லில் பதில் வந்தது. பிறகு மின்னியலில் ஒரு கணக்குத் தனக்கு விளங்கவில்லை என்றாள். வகுப்பில் இப்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். கால் மணித்தியாலம் கதைத்தோம். நான் ஒன்றுக்கும் ஆதாரம் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையும் படம் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பின்னேரங்களில் அவளே தொலைபேசி எடுக்கிறாள். படிப்பைப் பற்றிக் கதைக்கிறாள். குளிசையைப் பற்றி அவளும் பேசுவதில்லை. காலை ஏழு மணிக்கு நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கிவிடுகிறேன். இதை எழுதி முடிக்கும் இன்று பதினோராவது நாள். நான் கேட்கவில்லை.